கணிப்பொறிக் கல்வியும் இல்லறத்தார் கடமையும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் இல்லங்கள்தோறும் எழும் வினா ஒன்றே. பிள்ளையை எதில் சேர்ப்பது என்று கேட்பதாகத் தோன்றும் அவ்வினாவின் உண்மையான பொருள், "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா?" என்பதுதான். கிடைத்தால் உற்றார் உறவினர்க்கெல்லாம் தொலைபேசி பறக்கிறது. கிடைக்காவிடில் வீட்டில் ஓர் இழவு நேர்ந்தாற்போன்ற அமைதி நிலவுகிறது. இதனை வேலைவாய்ப்பு பற்றிய கணக்காகவே பலரும் கருதுகின்றனர். அது கணக்குத்தான், ஆயினும் கணக்கு மட்டுமன்று. பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்வைப் பெரியவர் ஒருவர் தீர்மானிக்கிறார். குடும்பத்தின் நிலமோ நகையோ அதற்காகக் கைமாறுகிறது. அப்பிள்ளை நாளை செய்யப்போகும் தொழில், முகமறியாத பல்லாயிரவரைத் தொடப்போகிறது. இம்மூன்றும் அறத்தின் எல்லைக்குள் வருவன. ஆதலின் இவ்வினாவை அறநோக்கில் சற்றே ஆராய்தல் நலம்.

முதற்கண் நாட்டு நடப்பை நினைவுகூர்வோம். தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. முன்னெல்லாம் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குச் சென்று, திரையில் இடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே நெஞ்சு படபடக்க முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியே நடைபெறுகிறது. 2024-25 கல்வியாண்டு முதல், நன்கு இயங்கும் கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடங்கள் வேண்டுமாயினும் கேட்டுப் பெறலாம் எனத் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு உச்சவரம்பைத் தளர்த்தியது. இதன் விளைவு எதிர்பார்த்ததே. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் கணிப்பொறியியல் இடங்கள் பெருகின. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்னும் புதுப் பெயர்களிலும் பிரிவுகள் தோன்றின. கட்டடவியலும் இயந்திரவியலும் சுருங்கின. இடங்களைக் கூட்டுதல் எளிது. அவ்விடங்களில் அமர்வோர்க்குப் பாடம் சொல்லவல்ல ஆசிரியரைக் கூட்டுதல் அத்துணை எளிதன்று.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இது கற்பனையே, எனினும் வாசகர் தம் ஊரில் இத்தகைய குடும்பங்கள் இரண்டு மூன்றையாவது அறிந்திருப்பர். வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூர். மூன்று ஏக்கர் நிலம். ஏரி நிரம்பினால் நெல், இல்லையேல் மணிலா. மூத்த மகள் கணிதத்தில் வல்லவள். பிற பாடங்களில் மதிப்பெண் சற்றே குறைந்துவிட்டது. அவளுக்கு மூன்று வழிகள் தோன்றுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் ஆரணியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் உள்ளன. அவற்றுள் ஒன்றில், குறைந்த கட்டணத்தில், கணிப்பொறி அல்லாத வேறொரு பிரிவு கிடைக்கும். செய்யாற்றில் உள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைக்கும். சென்னைப் புறநகரில் உள்ள சுயநிதிக் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணிப்பொறியியல் கிடைக்கும். அதற்கு ஓர் ஏக்கரை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டும். தந்தை மூன்றாவதையே விரும்புகிறார். தாய் நகையை எடுத்து வைத்துவிட்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே எது அறம்?

பொருளை நாடிப் பாடப்பிரிவைத் தெரிவு செய்வதே இழிவு என்பார் சிலர். இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. இல்லறத்தார்க்குப் பொருளீட்டல் விலக்கப்பட்டதன்று. கற்பக மரங்கள் மறைந்த காலத்து, உயிர்வாழும் வகை அறியாது திகைத்த மக்களுக்கு ஆதிபகவன் விருஷப தேவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்றே நம் புராணங்கள் கூறுகின்றன. துறவறத்தை உலகுக்கு உணர்த்துவதற்கு முன்பே தொழிலை உணர்த்தினார் என்பது ஈண்டு கருதத்தக்கது. (கணிப்பொறித் தொழில் இவ்வாறனுள் எதனுள் அடங்கும் என்று இளைஞர் ஒருவர் வினவக்கூடும். எழுதுவதால் மசி, கற்பதால் வித்தை, ஆக்குவதால் சிற்பம் என மூன்றினும் அதற்கு இடமுண்டு.) மேலும், "பணத்திற்காகவா படிப்பது?" என்று மேடையில் முழங்குவோர் பெரும்பாலும் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுபவராகவே இருக்கக் காண்கிறோம். மணிலா விலை சரிந்த ஆண்டில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்த குடும்பத்தில், மகளின் ஊதியத்தை எண்ணுவது பேராசையாகாது.

ஆனால் தேவை ஒன்று, ஒப்பீடு மற்றொன்று. பரிக்கிரக பரிமாண விரதம் பொருளே வேண்டா என்று கூறவில்லை. அளவை முன்னரே வரையறுத்துக்கொள் என்கிறது. நம் வீடுகளில் அவ்வளவை வரையறுப்பது யார்? பெங்களூரில் பணிபுரியும் ஒன்றுவிட்ட அண்ணனின் மகனே வரையறுக்கிறான். அவன் வாங்கிய வீடு, அவன் சென்று வந்த வெளிநாடு, அவன் திருமணத்தில் போடப்பட்ட பந்தல் ஆகியவையே அளவுகோல். அவனுடன் படித்துப் பணி கிடைக்காமல் வேறு வேலைக்குச் சென்ற நால்வரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டுவிட்டனர்.

உழவர் குடும்பத்தினர்க்கு இதனை விளக்க வேறோர் உவமை தேவையில்லை. சென்ற ஆண்டு வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று என்று இவ்வாண்டு ஊரே வெங்காயம் நட்டால் அறுவடைக் காலத்தில் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். கல்வியில் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே நான்கு ஆண்டுகள். 1990-களின் இறுதியில், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகளில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள் குழப்பம் விளைவிக்கும் என்ற அச்சத்தால், அவற்றைத் திருத்துவதற்கு ஆள் போதவில்லை. தெருத்தெருவாகப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணைய நிறுவனங்களின் மதிப்புச் சரிந்தது. அந்தச் செழிப்பைக் கண்டு சேர்ந்தவர்கள் பட்டத்துடன் வெளிவந்தபோது வாயிற்கதவுகள் சாத்தியிருந்தன. பின்னர் நிலை திருந்தியது. 2008-இல் மீண்டும் ஒரு சரிவு, மீண்டும் ஏற்றம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆளெடுப்பு பொங்கி வழிந்தது. 2022-இலும் 2023-இலும் உலகப் பெருநிறுவனங்களே பல்லாயிரவரைப் பணிநீக்கம் செய்தன. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் என்பதற்கு மேல் இதிலிருந்து பெறத்தக்க சோதிடம் எதுவும் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல் புதியதோர் அச்சம் சேர்ந்துள்ளது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரமே எழுதுமாயின் இப்படிப்பு எதற்கு என்று பெற்றோர் கேட்கின்றனர். இத்துறைக்கே எதிர்காலம் இல்லை என்போரும், இதற்கு மட்டுமே எதிர்காலம் என்போரும் ஒரே உறுதியுடன் பேசுகின்றனர். வருங்காலத்தை இத்துணைத் தெளிவாகக் காண்போர் அவதிஞானிகளாக இருத்தல் வேண்டும். அத்தகையோர் தொலைக்காட்சி விவாதங்களுக்கு வருவதில்லை. நாம் காணக்கூடியது இவ்வளவே. ஒருவர் சொன்னதை அப்படியே நிரலாக மாற்றித் தரும் தொடக்கநிலை வேலையை இயந்திரம் இன்று ஏற்கத் தொடங்கிவிட்டது. எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவதும், செய்தது சரிதானா என்று சோதிப்பதும், தவறெனின் பொறுப்பேற்பதும் மனிதரிடமே நிற்கின்றன. ஆகவே பாடத்தின் அடிப்படையைக் கற்றவர்க்கும், மொழிகள் சிலவற்றின் பெயரை மட்டும் கற்றவர்க்கும் இடையே உள்ள தொலைவு முன்னினும் மிகுந்துவிட்டது.

அப்பாடத்தின் அடிப்படைதான் யாது? நம் பெற்றோருள் பெரும்பாலோர் இதனைக் கேட்டதே இல்லை. தட்டச்சுப் பலகையில் விரைந்து தட்டுவதன்று. கைபேசியை நன்கு இயக்கும் பிள்ளைக்கு இப்படிப்பு வரும் என்பது, பேருந்தில் அடிக்கடி பயணம் செய்பவருக்கு இயந்திரவியல் வரும் என்பதைப் போன்றது. கணிப்பொறி அறிவியல் பெரும்பகுதி கணிதமே. அதிலும் எண்ணுதல், வரிசைப்படுத்துதல், விதி வகுத்தல் ஆகியவை பற்றிய கணிதம்.

ஓர் எடுத்துக்காட்டு. அகரவரிசையில் அமைந்த பத்து இலட்சம் பெயர்களுள் ஒரு பெயரைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து இலட்சம் முறையும் பார்க்க நேரலாம். நடுவில் உள்ள பெயரைப் பார்த்து, தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று அறிந்து, மற்றப் பாதியை ஒதுக்கிவிட்டால்? எஞ்சியதில் மீண்டும் பாதி. அதில் மீண்டும் பாதி. இவ்வாறு செய்தால் இருபது முறைக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ மாணவர் கற்கும் பாடம் இது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற இக்கணக்கிற்கு நம் ஆகம உரைகளில் ஒரு பெயர் உண்டு. ஷட்கண்டாகமத்திற்குத் தவள உரை வகுத்த வீரசேனாசாரியர் இதனை அர்த்தச்சேதம் என்கிறார். 32-இன் அர்த்தச்சேதம் 5. மூடபித்திரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பட்டு வந்த அந்நூலில், உலகின் அளவையும் உயிர்களின் தொகையையும் கணக்கிடும் பொருட்டு இம்முறை ஆளப்பட்டுள்ளது. ஏறத்தாழ 850-இல் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கணிதசார சங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியர், பல பொருள்களுள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளை எண்ணுவதற்குப் பொது விதி தந்தார். அவ்விதிப்படி அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் இவ்வாறே ஆறு வரையிலும் கலந்தால் 63 வகைகள் வரும். அந்நூல் 1912-இல் சென்னையில் எம். ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. சொல்லையும் எழுத்தையும் இத்தனை விதிகளுக்குள் அடக்கிக் காட்டிய பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்ற மாணவருக்கு, ஒரு மொழியின் இலக்கணத்தை இயந்திரம் அறியும்படி விதிகளாக வகுக்கும் மூன்றாமாண்டுப் பாடம் முற்றிலும் அயலாகத் தோன்றாது.

இதனைக் கொண்டு, கணிப்பொறியை நம் ஆசாரியர்களே கண்டுபிடித்தனர் என்று எவரும் மேடையேற வேண்டா. அது உண்மையன்று. உண்மையல்லாததைப் பெருமைக்காகச் சொல்வதும் சத்திய விரதத்திற்கு மாறானதே. அர்த்தச்சேதம் என்ற சொல்லைக் கேட்டு வியக்கும் பிள்ளைக்கும், அதனைக் கேட்டபின் 64-க்கு எத்தனை, 100-க்கு எத்தனை என்று தானே தாளில் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டவே இவ்வளவும் கூறினேன். இரண்டாமவர்க்கே இப்படிப்பு இனிக்கும்.

பதினேழு வயதில் தன் நாட்டத்தைத் தெளிவாக அறிந்தவர் அரியர் என்பது உண்மையே. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் நண்பன் சேரும் பிரிவின் பெயரையே பிள்ளை சொல்லும். ஆகவே கேட்பதினும் சோதிப்பது நன்று. தேர்வு முடிந்து கலந்தாய்வு வரை இரண்டு மாதங்கள் இருக்கின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் காணலாம். தொடக்கநிலைப் பாடம் ஒன்றைப் பிள்ளை ஒரு மாதம் பயிலட்டும். எழுதிய நிரல் இயங்காமல் நிற்கும்; நிற்காத நிரலே இல்லை. அவ்வாறு நிற்கும்போது அப்பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். உணவுக்கு அழைத்தாலும் வாராமல் பிழையைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு விடை. எரிச்சலுற்று மூடிவைத்துவிட்டு மறுநாளும் திறக்காவிடில் மற்றொரு விடை. இரண்டும் இழிவன்று. இரண்டாம் விடையைக் கண்ட பின்னரும் நிலத்தை விற்று அதே பிரிவில் சேர்ப்பது மட்டுமே தவறு.

இனி, இப்படிப்பு தரும் தொழிலின் தன்மைக்கு வருவோம். நம் சமூகத்தார் இதனை விரும்புவதற்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. இது ஹிம்சையற்ற தொழில் என்ற எண்ணமே அது. உழவில் புழு பூச்சிகள் மடிகின்றன. ஆலைகளில் நெருப்பும் நஞ்சும் உண்டு. குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுத்துகளைத் தட்டுவதில் எவ்வுயிருக்கு என்ன தீங்கு? சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என ஹிம்சையை நால்வகைப்படுத்தி, தொழிலால் நேரும் உத்யோகி ஹிம்சையை இல்லறத்தார் இயன்றவரை குறைக்க வேண்டும் என்றனர் பெரியோர். அந்நோக்கில் இத்தொழில் முதலிடம் பெறத்தக்கதன்றோ என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நம் ஆசாரியர்கள் ஹிம்சைக்கு வகுத்த இலக்கணத்தில் இரத்தம் முதன்மையானதன்று, பிரமாதமே முதன்மையானது. (இச்சொல் இன்று நம் வழக்கில் பாராட்டாகிவிட்டது. சமையல் பிரமாதம், கச்சேரி பிரமாதம் என்கிறோம். ஆகமத்தில் அதன் பொருள் அசட்டை, கவனக்குறைவு.) அசட்டையால் விளையும் உயிர்த்துன்பம் ஹிம்சை என்று கொண்டால், கணிப்பொறித் தொழில் அத்துணைத் தூய்மையானதாகத் தோன்றவில்லை.

1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி நோயாளிகள் அறுவருக்கு வேண்டியதைப் போலப் பன்மடங்கு கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் குறைந்தது மூவர் அதனால் மாண்டனர். அதற்கு முந்திய மாதிரிகளில், தவறு நேர்ந்தால் பொறியை நிறுத்தும் தடைகள் இயந்திர அமைப்பிலேயே இருந்தன. புதிய பொறியில் அவற்றை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பினர். பணியாளர் விவரங்களைத் தட்டச்சு செய்து, பிழையைக் கண்டு மிக விரைவாகத் திருத்தினால், அத்திருத்தத்தைப் பொறியின் ஒரு பகுதி அறியும்; மற்றொரு பகுதி அறியாது. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று தோன்றும். அதன் பொருள் கையேட்டில் விளக்கப்படவில்லை. இத்தகைய செய்திகள் நாள்தோறும் தோன்றிப் பழகிவிட்டமையால், பணியாளர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். இதில் எவரும் கொலைகாரர் அல்லர். நிரல் எழுதியவர் தீயவர் என்று விசாரித்தவர்கள் சொல்லவுமில்லை. பிரமாதம் என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கவுரை எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று நம் காலத்தது. பிரிட்டனில் அஞ்சலகங்களின் கணக்குக்காக 1999 முதல் ஹொரைசன் என்னும் மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. சிற்றூர்களில் துணை அஞ்சலகம் நடத்தியோரின் கணக்கில் அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கணிப்பொறி பொய் சொல்லாது என்று நிர்வாகம் நம்பியது, நீதிமன்றங்களும் நம்பின. 2015 வரை தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்னும் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், வீடிழந்தனர், தற்கொலை செய்துகொண்டோரும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய தண்டனைகளை நீக்க 2024-இல் பாராளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. பொய்யுரைப்பவர் ஒருவரும் இல்லாமலே பொய்ச்சாட்சி நிகழ்ந்துவிட்டது. பிழை உண்டென்று அறிந்தும் வாய்திறவாதவர்கள் இருந்தமையால்தான் அது இத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அசட்டையால் வருவது ஒருபுறமிருக்க, அறிந்தே செய்வதும் உண்டு. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டகத்திலும், அதனையொட்டித் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பிலும், வீண் தீமையை விலக்கும் அநர்த்ததண்ட விரதம் கூறப்படுகிறது. அதன் உறுப்புகளுள் ஒன்று ஹிம்சாதானம். கோடரி, வாள், தீ, சங்கிலி முதலிய கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் என்று அதற்குப் பொருள் கூறுவர். நாம் வாளும் சங்கிலியும் விற்பதில்லை என்று அப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். இணையச் சூதாட்டத்தில் பொருளிழந்து இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, தமிழகச் சட்டமன்றம் 2022-இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023-இல் அது ஒப்புதல் பெற்றது. கைபேசிவழிக் கடன் தரும் செயலிகள் சில, கடன் பெற்றவரின் கைபேசியில் உள்ள எண்களையெல்லாம் கவர்ந்து, உற்றார்க்கும் அலுவலகத்தார்க்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்கின. அவ்வாறு எண்களை எடுக்கலாகாது என 2022-இல் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. அச்சூதாட்டத்தையும் அச்செயலியையும் எழுதியவர்கள் வேற்றுலகத்தார் அல்லர். கல்லூரியில் நல்ல மதிப்பெண் பெற்று, வளாகத் தேர்வில் தேர்ந்து, முதல் மாத ஊதியத்தில் தாய்க்குப் புடவை வாங்கித் தந்த பிள்ளைகளே.

"மேலதிகாரி சொன்னார், எழுதினேன்" என்னும் விடை நம் சமயத்தில் செல்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றிற்கும் வினைப்பயன் உண்டென்பது நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தது. ஆனால் இருபத்திரண்டு வயதில், தலைமேல் கல்விக் கடனும் விற்ற நிலத்தின் நினைவும் இருக்கும்போது, "இவ்வேலை எனக்கு வேண்டா" என்று சொல்ல எத்தனை பேரால் இயலும்? இவ்விடத்தில்தான் முன்சொன்ன ஓர் ஏக்கர் அறக்கேள்வியாகிறது. கடன் பெரிதாகப் பெரிதாகப் பிள்ளையின் நாவு கட்டுண்கிறது. பெற்றோர் அன்பினால் வாங்கும் கடன், அறமல்லாததை மறுக்கும் உரிமையைப் பிள்ளையிடமிருந்து வாங்கிவிடுகிறது. ஆகையால், கட்டணம் மிகுந்த இடத்தினும் கட்டணம் குறைந்த இடமே மேல் என்று நான் கருதுவது சிக்கனம் பற்றி மட்டுமன்று.

மகளிர் பற்றி ஒரு சொல். பெண்ணுக்கு இப்பிரிவே தகுந்தது, வெயிலில் நிற்க வேண்டா, பட்டறைக்குப் போக வேண்டா, திருமணமான பின் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கூறித் தருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதனால் நம் பெண்கள் பலர் நல்ல நிலைக்கு வந்துள்ளனர், அதில் ஐயமில்லை. ஆயினும் பாலம் கட்ட விரும்பும் பெண்ணை நிழலைக் காட்டி இங்கே கொண்டுவந்து அமர்த்துவதும், அவள் பின்னர் நள்ளிரவு வரை அமெரிக்க நேரத்திற்கு விழித்திருப்பதைக் கண்டு வருந்துவதும் ஒரே பெற்றோரே. இராப்போஜன தியாகம் பூண்ட வீட்டில் இரவு பதினோரு மணிக்கு அவள் பசித்திருப்பாள் என்பதைச் சேர்க்கையின்போது எவரும் நினைப்பதில்லை.

இப்படிப்பால்தான் ஊர் காலியாகிறது, ஜினாலயத்தில் நித்திய பூஜைக்கும் ஆளில்லை என்று முதியோர் குறைகூறுவதையும் கேட்கிறோம். குறை உண்மையே, காரணம் அதுவன்று. ஆசிரியப் பணிக்கும் அரசுப் பணிக்கும் நம்மவர் ஊரைவிட்டுச் சென்றது கணிப்பொறி வருவதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. ஏரி தூர்ந்ததற்கும் மணிலா கட்டுப்படியாகாததற்கும் பதினேழு வயதுப் பிள்ளை பொறுப்பன்று. பாட்டனார் விட்டுச்சென்ற கடமையெல்லாம் பேத்தியின் விருப்பப் பட்டியலில் வந்து நிற்கலாகாது.

வந்தவாசிக் குடும்பத்திற்கு மீள்வோம். அப்பெண் கணிதத்தில் வல்லவள் என்றோம். செய்யாற்றில் மூன்றாண்டு கணிதம் கற்று, பின்னர் எம்.சி.ஏ. சேர்வதாயின் கணிப்பொறித் துறையின் கதவு அவளுக்குத் திறந்தே இருக்கும். 2020 முதல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இணையவழி நடத்திவரும் தரவு அறிவியல் பட்டப்படிப்பை, வேறொரு கல்லூரியில் பயின்றுகொண்டே உடன் பயில்வோர் பலர். உறுப்புக் கல்லூரியில் வேறு பிரிவில் சேர்ந்தாலும் நிரல் எழுதக் கற்பதை எவரும் தடுப்பதில்லை. ஓர் ஏக்கரைக் கொடுத்து வாங்கும் நான்கு எழுத்துகளினும் இவ்வழிகள் அவளுக்கு ஏற்றவை என்பதே என் கருத்து. இதற்கு மறுப்பும் உண்டு. நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குச் சில கல்லூரிகளுக்கே வருகின்றன. செய்யாற்றுக்கு அவ்வளவாக வருவதில்லை. அந்த வேற்றுமையைப் பொய்யென்று சொல்லித் தந்தையை ஏமாற்ற நான் விரும்பவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் அவள் மிகுதியாக அலைய நேரும். நிலம் இருக்கும்; அவள் வாயும் கட்டுண்டிராது. இவ்விரண்டையும் அந்த அலைச்சலுடன் தராசில் இட்டுப் பார்த்து, அவர்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதுவும் ஏற்கத்தக்கதே. மகளும் உடனிருந்து நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தேவை.

அதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. விருப்பப் பட்டியலைப் பல ஊர்களில் இணைய மையத்துக்காரரே நிரப்பித் தருகிறார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. சில இடங்களில் கல்லூரித் தரகர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். மாவட்டந்தோறும் பொறியியல் சேர்க்கைக்கான அரசுச் சேவை மையங்கள் உள்ளன. அங்கே சென்று உதவி பெறலாம். கடவுச்சொல்லைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். பட்டியலை முதல் நாள் இரவே வீட்டில் தாளில் எழுதி, ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே நான்காண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் எழுதி, தந்தையும் தாயும் பிள்ளையும் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுப் புறப்படலாம். உறுதி செய்து பூட்டிய பின் அவ்வரிசையை மாற்ற இயலாது.